டெனபி மெயின்: வேலை போனால் வீடும் போன ஊர்

இங்கிலாந்தில் தெற்கு யார்க்ஷர் பகுதியில், டான் ஆற்றின் கரையில், மெக்ஸ்பரோவுக்கும் கோனிஸ்பரோவுக்கும் நடுவில் டெனபி மெயின் என்று ஓர் ஊர் இருக்கிறது. நிலக்கரி ஊர்களில் வீடும் வேலையும் எப்படிப் பின்னிக் கிடந்தன என்று யாராவது கேட்டால் நான் இந்த ஊரைத்தான் சொல்வேன். இங்கே எல்லாமே வெட்டவெளிச்சமாக நடந்தது. சுரங்கம் ஒரு கம்பெனிக்குச் சொந்தம், வீடும் அதே கம்பெனிக்குச் சொந்தம், சம்பளத் தகராறு வந்தபோது கம்பெனி முதலில் கை வைத்தது வீட்டில். 1903 ஜனவரியில் சுமார் 750 குடும்பங்கள், குழந்தைகளையும் சேர்த்தால் கிட்டத்தட்ட 3,000 பேர், நடுக்குளிரில் தெருவுக்கு வந்தார்கள். அவர்கள் வாடகை பாக்கி வைத்ததற்காக நடந்த வெளியேற்றம் என்று இதை நினைத்துவிடக் கூடாது. சுரங்கத்தில் ஒரு மண் அடுக்கை யார் காசில் வாருவது என்ற சண்டைதான் அங்கே கொண்டுபோய் விட்டது.

முதலில் ஊரைப் பற்றி. 1860களில் இங்கே சுரங்கக் குழி தோண்ட ஆரம்பித்தபோது சுற்றிலும் வயல்தான். டெனபி என்ற பழைய விவசாயக் கிராமம் கொஞ்சம் தள்ளி இருந்தது, இப்போதும் இருக்கிறது; இனி நான் டெனபி என்று சொல்வது இந்தச் சுரங்க ஊரைத்தான். குழி 400 கஜத்துக்கும் கீழே போய் பார்ன்ஸ்லி அடுக்கு என்ற பேர்போன கரி அடுக்கைத் தொட்டது. அந்தக் காலத்துக்கு அது ரொம்ப ஆழம். அவ்வளவு பணம் போட்டுத் தோண்டியாயிற்று, இனி ஆள் வேண்டும். ஆள் வந்தால் தங்க இடம் வேண்டும். அதனால் கம்பெனியே செங்கல் வீடுகளை வரிசை வரிசையாகக் கட்டியது. சுரங்கம் வளர வளர வரிசைகளும் வளர்ந்தன, 1890களில் பக்கத்திலேயே கேட்பி என்ற இரண்டாவது சுரங்கம் வந்ததும் இன்னும் பெருகின. கடைசியில் ஊரில் இருந்த வீடுகளில் கிட்டத்தட்ட எல்லாமே கம்பெனியுடையவை. மதுக்கடை கம்பெனியுடையது, பள்ளிக்கூடமும் கோயிலும் கம்பெனி தயவில் எழுந்தவை.

இதில் ஒரு நியாயம் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆள் இல்லாத இடத்தில் வேறு யாரும் வீடு கட்டித் தரப் போவதில்லை. சுரங்கம் எத்தனை வருஷம் ஓடும் என்று தெரியாத நிலையில் வெளியாள் எவனும் அங்கே பணத்தைக் கொட்ட மாட்டான். கம்பெனி கட்டாவிட்டால் தொழிலாளி மெக்ஸ்பரோவிலிருந்து தினமும் நடந்துதான் வந்திருக்க வேண்டும், பலர் அப்படியும் வந்தார்கள். ஆக வீடு கட்டியதில் தப்பில்லை. அந்த வீட்டை எந்த நிபந்தனையில் கொடுத்தார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. வேலையில் இருக்கிறவரை வீடு, வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. வாடகையைத் தொழிலாளி கொண்டுபோய்க் கட்டுவதில்லை, சம்பளத்திலேயே பிடித்துக்கொள்வார்கள். அதாவது தினப்படி வாழ்க்கையில் வீட்டுக்காரர் என்று தனியாக ஒரு ஆளே கிடையாது. மேனேஜர்தான் வீட்டுக்காரர். கம்பெனி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அப்பா ரிட்டயர் ஆகும் தேதி வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடமாக இருக்கும்.

வடக்கே டர்ஹம் பகுதியில் வழக்கம் கொஞ்சம் வேறு. அங்கே குடும்பஸ்தனான கரி வெட்டுகிற ஆளுக்கு வீடு இலவசம், எரிக்கக் கரியும் கிடைக்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 60 வயதில் கை தளர்ந்து வேலையை விட்டால் அந்த இலவச வீட்டையும் விட வேண்டும். வாழ்நாள் முழுவதும் கரி வெட்டிய கிழவன் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு மகன் வீட்டு மூலைக்கோ ஏழைகள் விடுதிக்கோ போவான். இது பொறுக்காமல்தான் ஜோசப் ஹாப்பர் என்ற சுரங்கத் தொழிலாளி, வாராவாரம் ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு முதியவர்களுக்கென்று தனி வீடுகள் அமைக்கும் திட்டத்தை முன்வைத்தார். 1898ல் அதற்காக ஒரு சங்கமே உருவாகி, அடுத்த வருஷம் ஹாஸ்வெல் மூரில் முதல் வீடுகள் கிடைத்தன. முதலாளியின் கருணையை நம்பாமல் தங்கள் சம்பளத்திலிருந்தே எடுத்துச் செய்தார்கள் என்பதால் அந்தச் சங்கத்தின் மேல் எனக்குத் தனி மரியாதை. டெனபியில் அப்படி ஒரு பாதுகாப்பு இல்லை.

டெனபி வீடுகளுக்குள் போய்ப் பார்த்தால், கீழே இரண்டு அறை, மேலே இரண்டு அறை, பின்பக்கம் ஒரு சிறு முற்றம், அதற்கப்பால் அடுத்த வரிசைக்கும் இதற்கும் நடுவில் ஒரு சந்து. கழிப்பிடம் அந்தச் சந்து ஓரத்தில். தண்ணீர் விட்டு அலசுகிற கழிப்பிடம் அல்ல, சாம்பலும் கழிவும் சேர்ந்து கிடக்கும் குழி, ஆள் வந்து அள்ளினால்தான் உண்டு. ஒரு வீட்டில் அப்பாவும் இரண்டு பையன்களும் சுரங்கத்துக்குப் போவார்கள், கூட ஒரு வாடகை ஆளும் தங்கியிருப்பான். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு ஷிப்ட். இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஆண்களின் உழைப்போடு நிறுத்திக்கொள்வது வழக்கம், எனக்கு அது சரியாகப் படவில்லை. விடியுமுன் எழுந்து ஒருவனை அனுப்பி, அவன் போன சூட்டோடு இன்னொருவன் கரியும் வேர்வையுமாக உள்ளே வர, அடுப்பில் கொப்பரைத் தண்ணீரைக் காய வைத்து, அடுப்படியிலேயே தகரத் தொட்டியைப் போட்டு, அவன் முதுகைத் தேய்த்துவிட்டு, அந்தத் தொட்டியைச் சுமந்துபோய்க் கொட்டி, மண் அப்பிய துணியை அடித்துத் துவைத்து, கதகதப்பில் காய வைத்து, மறுநாள் போட்டுக்கொள்ளக் கொடுக்கும் பெண்ணுக்கு ஷிப்ட் முடிவதே இல்லை. அவளுக்கென்று சம்பளம் தரும் வேலையும் அந்த ஊரில் அநேகமாக இல்லை. பையன் 12, 13 வயதில் குழிக்குள் இறங்குவான், பெண் பிள்ளை ஏதாவது ஒரு பெரிய வீட்டில் வேலைக்காரியாகப் போவாள். ஆக கம்பெனி வீட்டை நடத்தியது முழுக்க அவள், ஆனால் அந்த வீட்டில் இருக்கும் உரிமை அவள் பேரில் ஒரு துளியும் கிடையாது. புருஷன் குழிக்குள் செத்தால் அவள் என்ன கணக்கில் அந்த வீட்டில் இருப்பாள் என்ற கேள்விக்கு ஒப்பந்தத்தில் பதில் இல்லை.

1899ல் ஒரு மதப் பத்திரிகை டெனபியை இங்கிலாந்திலேயே மோசமான கிராமம் என்று எழுதியது. குடி, சூது, அழுக்கு என்று பட்டியல். அந்தக் கட்டுரையின் பேச்சு இன்றைக்கும் அந்த ஊரை விட்டுப் போகவில்லை. எனக்கு அதில் கோபம் வருவதற்குக் காரணம் உண்டு. மதுக்கடை யாருடையது? கம்பெனியுடையது. அழுக்குக் குழிகளை வீட்டுக்குப் பின்னால் கட்டியது யார்? கம்பெனி. நெரிசலுக்குக் காரணம் சம்பளம் போதாமல் வாடகை ஆளைச் சேர்த்துக்கொள்வது. குற்றத்தை முழுக்க அங்கே குடியிருந்தவர்கள் தலையில் கட்டிவிட்டுப் போவது ரொம்பச் சுலபம்.

சரி, இப்போது தகராறுக்கு வருவோம். கரி வெட்டுகிறவருக்கு மாதச் சம்பளம் கிடையாது, டன் கணக்கு. மேலே வந்து சேருகிற கரியை எடைபோட்டு அதற்குக் காசு. எடையில் ஏமாற்றக் கூடாது என்று தொழிலாளர்களே தங்கள் செலவில் ஒரு எடைபார்ப்பவரை வைத்துக்கொள்ள 1860லேயே சட்டம் இடம் கொடுத்திருந்தது, அதற்காகவே எத்தனையோ சண்டை நடந்திருக்கிறது. ஒரு வெட்டு முகப்புக்கு ஒரு மேஸ்திரி மாதிரி ஆள் பொறுப்பு; காசு அவர் கைக்கு வரும், அவர் தனக்குக் கீழே இருப்பவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார். அந்தப் பிரிப்பிலேயே மனஸ்தாபங்கள் உண்டு, அதற்குள் நான் போகவில்லை.

டெனபியில் பார்ன்ஸ்லி அடுக்குக்கு மேலே, கரிக்கும் கூரைப் பாறைக்கும் நடுவில், ஒரு மண் அடுக்கு ஓடியது. அதைத்தான் அங்கே பேக் மக் என்பார்கள். ஒரு இடத்தில் சில அங்குலம் இருக்கும், இன்னொரு இடத்தில் அடிக்கணக்கில் தடிக்கும். இதை விளக்கு வெளிச்சத்தில் நின்று பாருங்கள். நீங்கள் ஒருக்களித்துப் படுத்துக் கரியின் அடியைக் குடைந்து, முட்டுக் கொடுத்து, கரியை இறக்கி, தள்ளு வண்டியில் நிரப்பி அனுப்பிவிட்டீர்கள். இப்போது தலைக்கு மேலே அந்த மண் தொங்குகிறது. அப்படியே விட்டால் எப்போது விழும் என்று தெரியாது, விழுந்தால் ஆள் காலி. அதனால் அதை நீங்களே தட்டி இறக்க வேண்டும், வாரிப் பின்னால் கரி எடுத்துக் காலியான இடத்தில் போட வேண்டும், அப்புறம்தான் அடுத்த கரி. அரை நாள் இதிலேயே போகும். மண்ணுக்கு எடை கிடையாது, காசும் கிடையாது. டன் விலையிலேயே அதுவும் அடக்கம் என்பது கம்பெனியின் வாதம், பழைய விலை ஒப்பந்தமும் அவர்கள் பக்கம்தான் பேசியது. மண் மெலிசாக இருக்கும்வரை ஆட்கள் பல்லைக் கடித்துக்கொண்டு செய்தார்கள். தடித்துக்கொண்டே போனபோது செய்யாமல் விட ஆரம்பித்தார்கள். கம்பெனி என்ன செய்தது என்றால், வேறு ஆட்களை விட்டு அந்த மண்ணை வாரச் சொல்லி, அதற்கான கூலியை வெட்டுகிறவர்களின் சம்பளத்தில் கழித்தது. காசு கொடுக்காமல் வேலை வாங்கியது போதாது என்று, அந்த வேலையைச் செய்யாததற்குக் காசும் பிடித்தால் யார்தான் சும்மா இருப்பார்கள்.

1902 ஜூன் 29ஆம் தேதி இரண்டு சுரங்கங்களும் நின்றன. நோட்டீஸ் எதுவும் கொடுக்கவில்லை, 14 நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். கோபத்தில் நிறுத்திவிட்டார்கள். இந்த ஒரு தவறு, தவறு என்றுகூடச் சொல்ல மனசு வரவில்லை, இந்த ஒரு அவசரம் அடுத்த நான்கு வருஷம் கோர்ட்டுகளில் திரும்பத் திரும்ப வந்தது. ஜூலை நடுவில் சங்கம் அதைச் சரிசெய்யப் பார்த்தது: ஆட்கள் போய் முறைப்படி நோட்டீஸ் கொடுக்கத் தயாராக நின்றார்கள். கம்பெனி, புதிய நிபந்தனையில் புதிதாகக் கையெழுத்துப் போட்டால்தான் உள்ளே விடுவோம் என்றது. அவர்கள் போடவில்லை. ஆகவே இது இனி வேலைநிறுத்தம் அல்ல, கதவடைப்பு என்று சொல்லி யார்க்ஷர் சுரங்கத் தொழிலாளர் சங்கம் உதவித்தொகை கொடுக்க ஆரம்பித்தது: ஆளுக்கு வாரம் 9 ஷில்லிங், குழந்தைக்கு 1 ஷில்லிங். வயிற்றுக்கு அரைகுறைதான், ஆனால் அதை வைத்து ஆறு மாசம் தாக்குப்பிடித்தார்கள்.

அந்தத் தொகையை எப்படி நிறுத்தினார்கள் என்பது தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். சங்கத்தின் உறுப்பினர் ஒருவரே, ஹவ்டன் என்று பெயர், கோர்ட்டுக்குப் போனார்: நோட்டீஸ் இல்லாமல் ஆரம்பித்த நிறுத்தத்துக்கு உதவித்தொகை கொடுப்பது சங்கத்தின் சொந்த விதிகளுக்கே விரோதம், நிறுத்தச் சொல்லுங்கள் என்று. வழக்குக்குப் பின்னால் கம்பெனி நின்றது. கோர்ட் தடை கொடுத்தது. 1903 ஜனவரியில் காசு நின்றுவிட்டது. 1905ல், அப்போது அந்த நாட்டின் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபையும் அந்தத் தடை சரியென்றே தீர்ப்புச் சொன்னது.

காசு நின்ற அதே மாதத்தில் வீடும் போனது. இரண்டும் ஒரே சமயத்தில் நடந்தது தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை. வேலை ஒப்பந்தம் முறிந்துவிட்டது, ஆகவே குடியிருக்கும் உரிமையும் இல்லை என்று கம்பெனி ஏற்கனவே மாஜிஸ்ட்ரேட்டுகளிடம் உத்தரவு வாங்கி வைத்திருந்தது. சிறு வீடுகளைச் சீக்கிரம் காலி செய்ய வைக்க 1838லேயே ஒரு சட்டம் இருந்தது, சாதாரண வீட்டு உரிமையாளருக்கும் அதே சட்டம்தான். ஜனவரி 6ஆம் தேதி போலீஸ் வந்து தெருத்தெருவாக ஆரம்பித்தார்கள். சில நாட்கள் பிடித்தது.

தள்ளுமுள்ளு, கல்வீச்சு எதுவும் பெரிதாக இல்லை என்பதுதான் இதில் மனசைப் பிசைகிறது. பல வீடுகளில் போலீஸ் உள்ளே வருமுன்பே குடும்பமே சாமானை எடுத்து வெளியே வைத்துவிட்டது. கட்டில், மேஜை, துவைக்கிற தொட்டி, சுவர்க் கடிகாரம், தொட்டில், எல்லாம் தெருவில் ஈரத்தில். கைவண்டியும் குதிரை வண்டியும் கிடைத்தவர்கள் ஏற்றிக்கொண்டார்கள். எங்கே போவது? பக்கத்து ஊர்களில் சொந்தக்காரர் வீட்டில் ஒரு குடும்பம் இருந்த அறையில் மூன்று குடும்பம். டெனபியில் பிரிமிட்டிவ் மெதடிஸ்ட் சபையின் போதகர் ஜெஸ்ஸி வில்சன் தன் சபைக் கட்டடத்தைத் திறந்துவிட்டார், நிவாரணத்துக்குப் பணம் திரட்டினார், நடந்ததை எல்லாம் எழுதியும் வைத்தார். இன்று நமக்கு இந்தச் சம்பவம் இவ்வளவு தெளிவாகத் தெரிவதற்கு அவரும் ஒரு காரணம். சபைகளிலும் மண்டபங்களிலும் இடம் போதாமல் வயலில் கூடாரம் அடித்தார்கள். ஜனவரி மாத யார்க்ஷர் குளிரில் கூடாரத்தில் கைக்குழந்தை என்றால் என்ன அர்த்தம் என்று அந்த ஊர்க் குளிரை ஒரு நாள் அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

இங்கே ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்க்கச் சொல்கிறேன். ஒரே வெட்டு முகப்பில் தோளோடு தோள் உரச வேலை செய்த இரண்டு பேர். ஒருவர் டெனபியில் கம்பெனி வீட்டில், இன்னொருவர் ஆற்றுக்கு அந்தப் பக்கம் மெக்ஸ்பரோவில் யாரோ ஒரு தனி ஆளின் வீட்டில் வாடகைக்கு. இருவரும் ஒரே நாளில் வேலையை நிறுத்தினார்கள், இருவருக்கும் ஒரே நாளில் உதவித்தொகை நின்றது. மெக்ஸ்பரோக்காரருக்கு வாடகை பாக்கி விழும், வீட்டுக்காரர் முகத்தைக் கடுக்கடுவென்று வைத்துக்கொள்வார், கடையில் கடன் சொல்ல வேண்டியிருக்கும். ஆனால் அன்று ராத்திரி அவர் குழந்தைகள் அவர்கள் படுக்கையில்தான் தூங்கின. டெனபிக்காரரின் குழந்தைகள் தூங்கவில்லை. தகராறு ஒன்று, தண்டனை இரண்டு விதம். வித்தியாசம் சாவி யார் கையில் இருந்தது என்பது மட்டும்தான். அதனால்தான் கம்பெனி வீட்டைச் சலுகைகளின் கணக்கில் சேர்ப்பதை நான் ஏற்றுக்கொள்வதில்லை.

கம்பெனி தன் பக்கத்தை எப்படிச் சொல்லியிருக்கும் என்பதும் தெரிகிறது: வீடு வேலை செய்கிறவர்களுக்காகக் கட்டியது, வேலை செய்யாதவர்கள் அதில் உட்கார்ந்திருந்தால் புதிதாக வருகிறவர்களை எங்கே தங்க வைப்பது. ஆமாம், அதுதான் விஷயமே. பழைய ஆட்களைக் காலி செய்தால்தான் புதிய ஆட்களைக் கொண்டுவர முடியும், புதிய ஆட்கள் வந்துவிட்டால் தகராறு முடிந்தது. 1885லும் இதே கம்பெனி இதையே செய்திருந்தது: கூலித் தகராறு, வீடுகளைக் காலி செய்வது, வெளியூரிலிருந்து ஆள் கொண்டுவருவது, கடைசியில் தொழிலாளிகள் தோற்பது. 1903ல் வெளியே வந்தவர்களில் நடுவயதுக்காரர்கள் சிலர் 18 வருஷத்துக்கு முன்னால் சிறுவர்களாக அதே மாதிரி தெருவில் நின்றிருக்கக்கூடும்.

மார்ச் மாதம் தாக்குப்பிடிக்க முடியாமல் முடித்துக்கொண்டார்கள். பேக் மக் விஷயத்தில் எதுவும் கிடைக்கவில்லை. திரும்பப் போனவர்களில் எல்லோரையும் எடுத்துக்கொள்ளவில்லை, பலர் ஊரைவிட்டே போனார்கள். கம்பெனி அதோடு விடவில்லை. டாஃப் வேல் வழக்கில் 1901ல் வந்த தீர்ப்பு, வேலைநிறுத்தத்தால் வரும் நஷ்டத்தைச் சங்கத்தின் பணத்திலிருந்து வசூலிக்கலாம் என்று வழி திறந்துவிட்டிருந்தது. அதை வைத்துக்கொண்டு சங்கத்தின் மேல் ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டது. முதலில் கம்பெனி ஜெயித்தது, மேல்முறையீட்டில் தோற்றது, 1906ல் பிரபுக்கள் சபையிலும் தோற்றது. அதே வருஷக் கடைசியில் சங்கங்களின் பணத்துக்குப் பாதுகாப்புக் கொடுக்கும் தொழில் தகராறுச் சட்டம் வந்தது. சங்கத்தின் பெட்டி தப்பித்தது நல்ல விஷயம்தான். ஆனால் அந்தச் சட்டம் காலி செய்யச் சொல்லும் உத்தரவைத் தொடவே இல்லை. பெட்டிக்குக் கிடைத்த பாதுகாப்பு வாசலுக்குக் கிடைக்கவில்லை. வழக்கின் கதையை எழுதுகிறவர்கள் 1906ல் வெற்றி என்று முடிப்பார்கள், வீட்டின் கதையில் அது வெற்றி இல்லை.

கொஞ்ச வருஷத்தில் டான்காஸ்டர் பக்கம் புதிய சுரங்கங்கள் வந்தபோது, டெனபி மாதிரி ஊர் வேண்டாம் என்ற எண்ணம் சில முதலாளிகளுக்கே இருந்தது. பிராட்ஸ்வொர்த் சுரங்கத்துக்காக 1907லிருந்து வுட்லண்ட்ஸ் என்ற ஊரைக் கட்டினார்கள், பெர்சி ஹஃப்டன் என்பவர் கட்டடக் கலைஞர். 600க்கு மேல் வீடுகள், நடுவில் புல்வெளி, ஒவ்வொரு வீட்டுக்கும் தோட்டம், வளைந்த தெருக்கள். போய்ப் பார்க்கிறவர்கள் இன்றைக்கும் அழகாக இருக்கிறது என்கிறார்கள். டெனபியில் வளர்ந்த ஒரு பெண் அங்கே குடிபோயிருந்தால் முதல் வாரம் சந்தோஷத்தில் அழுதிருப்பாள். இருந்தாலும் வீடு சுரங்கத்துக்காகக் கட்டப்பட்டதுதான், கட்டிக் கொடுத்த கைதான் சம்பளமும் கொடுத்தது.

1912 ஜூலை 9ஐப் பற்றிச் சொல்லாமல் இந்த ஊரைப் பற்றி எழுத முடியாது. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரும் மேரி ராணியும் அந்த வட்டாரத்துக்கு வந்து வென்ட்வொர்த் மாளிகையில் தங்கியிருந்தார்கள். அதைப் பார்க்கப் போன களைப்பில் பலர் அன்றிரவு வேலைக்குப் போகவில்லை. நள்ளிரவு தாண்டிக் கொஞ்ச நேரத்தில் கேட்பி சுரங்கத்தில் வெடித்தது, 35 பேர் செத்தார்கள். பிணங்களை எடுக்கவும் மிச்சம் யாராவது இருக்கிறார்களா என்று பார்க்கவும் இறங்கியவர்கள் மேல் மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் மறுபடி வெடித்தது, இந்தத் தடவை 53 பேர், அதில் அரசின் சுரங்க ஆய்வாளர்கள் மூன்று பேர். காயம்பட்டவர்களும் இறந்து கடைசியில் 91. அன்று சாயங்காலம் மன்னரும் ராணியும் சுரங்க வாசலுக்கே வந்தார்கள், ராணி கண்ணில் தண்ணீர் இருந்தது என்று சொல்வார்கள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் போலீஸ் சாமான்களை வெளியே வைத்த அதே தெருக்களில், இப்போது ஒவ்வொரு வரிசையிலும் ஜன்னல் திரைகள் இழுத்து மூடிக் கிடந்தன. சாவு விழுந்த வீட்டுக்கு அங்கே அதுதான் அடையாளம்.

1947 ஜனவரி 1ஆம் தேதி சுரங்கங்கள் அரசுடைமை ஆனபோது, இனி இது மக்கள் சார்பில் நடத்தப்படும் என்று ஒவ்வொரு சுரங்க வாசலிலும் பலகை வைத்தார்கள். சுரங்கத்தோடு சேர்த்து, நாடு முழுக்க இருந்த லட்சத்துக்கு மேற்பட்ட கம்பெனி வீடுகளும் தேசிய நிலக்கரி வாரியத்தின் கைக்கு வந்தன. டெனபிக்காரர்களுக்கு அந்தப் பலகையில் எழுதியிருந்ததைவிட, தகராறு வந்தால் மூட்டை கட்ட வேண்டியதில்லை என்ற நிம்மதி பெரிதாக இருந்திருக்கும். ஆனால் வாரியத்தின் வேலை கரி எடுப்பது, பழைய வீடுகளைப் பராமரிப்பது அதற்கு ஒரு தலைவலி. டெனபி சுரங்கம் 1968ல் மூடப்பட்டது. வேலை கேட்பி பக்கம் போனது. 1970களில் பழைய வரிசை வீடுகளில் பெரும்பகுதியை இடித்தார்கள். அந்த வீடுகள் இடிக்க வேண்டியவைதான், நூறு வருஷத்து ஈரம் சுவரில். ஆனால் வரிசை போனபோது அதில் இருந்த அக்கம்பக்கமும் போனது; ஒரே சந்தில் துணி காயப்போட்டவர்கள் வெவ்வேறு பக்கம் புது வீடுகளுக்குச் சிதறினார்கள். 1984-85ல் நடந்த சுரங்கத் தொழிலாளர்களின் பெரிய வேலைநிறுத்தம் தோற்றபின் 1986ல் கேட்பியும் மூடப்பட்டது.

1903ல் வீட்டை இழந்தவருக்குக் கையில் தொழில் இருந்தது. பத்து மைலுக்குள் வேறு சுரங்கங்கள், இன்னும் புதிதாகத் தோண்டிக்கொண்டிருந்தார்கள், உடம்பு நன்றாக இருந்தால் வேலை கிடைக்கும், வேலையோடு இன்னொரு வீடும் கிடைக்கும். 1986ல் நிலைமை அப்படியே புரண்டுவிட்டது. வீடு இருந்தது. உள்ளாட்சி மன்றம் வாடகைக்குக் கொடுத்த கவுன்சில் வீடு, அல்லது கஷ்டப்பட்டுச் சொந்தமாக வாங்கிய வீடு. யாரும் வந்து காலி செய் என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் நடந்துபோகும் தூரத்தில் சம்பளம் இல்லை. வட்டாரத்துச் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடிக்கொண்டிருந்தன. வேலை தெற்கே இருந்தது, அங்கே போக இங்கே விற்றால் வரும் பணத்தில் அங்கே ஒரு அறைகூட வாங்க முடியாது. வேலையே இல்லாத ஊரில் ஒரு வீட்டை யார் வாங்குவார்கள். முதலாளி கையில் சாவி இருந்த காலத்தில் வீடு அவர்களைத் துரத்தியது, தங்கள் கையிலேயே சாவி இருந்தபோது அதே வீடு கட்டிப்போட்டது. நிலக்கரி ஊர்களின் பிரச்சினையை வேலையின்மை என்ற ஒரே கட்டத்தில் போட்டு முடிக்கிறவர்கள் இந்த இரண்டாவது பாதியைப் பார்ப்பதில்லை. இடம்பெயர்ந்து போக வேண்டியதுதானே என்று அந்த நாட்களில் அறிவுரை சொன்னவர்களுக்கும் வீட்டு விலை தெரியாதது அல்ல.

அப்புறம் என்ன வந்தது? ஆற்றுக்கு அந்தப் பக்கம் மேன்வர்ஸ் சுரங்கம் இருந்த பெரிய நிலப்பரப்பில் சாலை போட்டு, கால் சென்டர்களும் கிடங்குகளும் வந்தன. அங்கே பெண்களுக்கு நிறைய வேலை கிடைத்தது என்பது உண்மையான மாற்றம். கம்பெனி வீட்டை நடத்தியே ஆயுளைக் கழித்த பாட்டிகளின் பேத்திகள் சொந்தச் சம்பளம் வாங்கினார்கள். சுரங்கத்தில் 30 வருஷம் இருந்த 50 வயது ஆளுக்கு ஹெட்போனை மாட்டிக்கொண்டு பேசும் வேலை எவ்வளவு ஒட்டும் என்பது வேறு கேள்வி. பலர் நுரையீரல் நோயோடும் முட்டி வலியோடும் உடல்நலமின்மை உதவித்தொகையில்தான் காலம் தள்ளினார்கள்.

கேட்பி சுரங்கம் இருந்த இடத்திலேயே, லாட்டரிப் பணத்தில், சுற்றுச்சூழலைப் பற்றிச் சொல்லித்தரும் எர்த் சென்டர் என்ற பெரிய பூங்காவைக் கட்டி 1999ல் திறந்தார்கள். எண்ணம் நல்ல எண்ணம். கரிக் கழிவு மேட்டில் மரம் நட்டார்கள், கண்ணாடிக் கூரை போட்டார்கள், நாடு முழுவதிலுமிருந்து ஜனம் வரும், ஊருக்கு வேலை வரும் என்றார்கள். எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. 2004ல் பூட்டினார்கள். சில வருஷம் காலியாகக் கிடந்து, பிறகு பள்ளிப் பிள்ளைகள் வந்து கயிறு ஏறியும் படகு விட்டும் விளையாடும் முகாமாக மாறியது. சுரங்கக் குழியின் வாய் அங்கேதான் எங்கோ மூடிக் கிடக்கிறது. எதிரே ரயில் பாதை, அதைத் தாண்டினால் டெனபி. காலையில் மெக்ஸ்பரோ பக்கம் போகும் பஸ்ஸில் ஏறி வேலைக்குப் போகிறார்கள், 1860களில் அந்த ஊரிலிருந்து டெனபிக் குழிக்கு நடந்து வந்தவர்களின் வழியில், எதிர்த் திசையில்.